குழந்தைகளை வளர்த்தெடுத்த பின் வகுப்பறைக்குத் திரும்புதல்: சுங்கை சிப்புட் வட்டார ஆசிரியைகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், திருமணத்துக்கு முன்போ முதற்குழந்தை பிறக்கும் வரையிலோ தமிழ்ப்பள்ளியில் கற்பித்துவிட்டு, பின்னர் பிள்ளைகளுக்காக வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் கணிசமாக உள்ளனர். கடைசிப் பிள்ளை தொடக்கப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் அவர்களுக்கு வருவது இயல்பே. ஆனால் அவர்களுள் பலர் நிரந்தர நியமனக் கடிதத்தை எதிர்பார்த்தே மேலும் சில ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். குறுகிய கால மாற்று ஆசிரியர் பணியை முதல் வாசலாகக் கொண்டு, அந்தச் சில மாதங்களையே மறுபயிற்சியாக ஆக்கிக்கொள்வதுதான் உகந்த வழி என்பது என் கருத்து. நிரந்தரப் பணிக்கான விண்ணப்பம் அதனோடு சேர்ந்து நடக்கட்டும். அது வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில், தாம் எந்த வகையில் பணியை விட்டு வந்தோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் திரும்பும் வழி அதைப் பொறுத்தே அமையும். அரசுப் பணியிலுள்ள ஆசிரியைகள் தம் சேவைக்காலம் முழுவதற்குமாக மொத்தம் 5 ஆண்டுகள் வரை பிள்ளைப் பராமரிப்புக்கென ஊதியமில்லா விடுப்பு எடுக்கலாம். அவ்விடுப்பில் இருப்பவர் இன்னமும் பணியில் உள்ளவரே. விடுப்பு முடியும் நாளுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது அவருக்கு நல்லது. பழைய பள்ளியில் இடம் நிரப்பப்பட்டிருந்தால் வேறு பள்ளிக்கு அனுப்பப்படக்கூடும் என்பதால், இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடுவது நட்டமாகவே முடியும்.

முறையாகப் பணி விலகியவருடைய நிலை வேறு. அவர் கல்விச் சேவை ஆணையம் விண்ணப்பங்களைத் திறக்கும் காலத்தைக் கவனித்திருந்து, புதியவரைப் போலவே இணையவழி விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டும். பழைய பணிமூப்பைச் சொல்லி அதே நாற்காலியைக் கேட்டுப் பெற முடியாது. அவர் கையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான தாள், பணி விலகலை ஏற்றுக்கொண்டு இலாகா அனுப்பிய கடிதமாகும். அறிவிக்காமல் நின்றுவிட்டவர் அல்லர், ஒழுங்காக விடைபெற்றுச் சென்றவர் என்பதற்கு அதுவே சான்று. பயிற்சி பெறாமல் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) அல்லது எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) தகுதியோடு தற்காலிக ஆசிரியையாக மட்டும் இருந்தவர், முதலில் தகுதியை உயர்த்திக்கொள்வது பற்றி எண்ண வேண்டும். ஆசிரியர் கல்விக் கழகங்களின் இளங்கலைப் படிப்பு பள்ளியை அண்மையில் முடித்த இளையோருக்கானது. ஆகவே தொலைநிலையில் கற்பிக்கும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமே பிள்ளைகளுள்ள ஒரு பெண்ணுக்குப் பெரும்பாலும் ஏற்றதாக இருக்கும். தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், வீட்டைவிட்டுச் சென்று படிக்க இயலுமானவர்களுக்கு நல்ல இடம்.

மாற்று ஆசிரியர் வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், அதை எப்போது கேட்பது என்பதும் விளங்கும். அரசுப் பணியிலுள்ள ஆசிரியை ஒரு பிள்ளைப்பேற்றுக்கு 90 நாள் வரை விடுப்பு எடுக்கிறார். நீண்ட மருத்துவ விடுப்பில் செல்பவர்களும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பத் தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி இலாகாவிடம் அனுமதி கேட்கிறார். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்ததாகையால் நம் பள்ளிகளின் தாள்கள் அங்குதான் செல்லும். நடைமுறையில், அனுமதி வரும் வேளையில் தலைமையாசிரியரின் மேசையில் யாருடைய ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவோ அவரே முதலில் அழைக்கப்படுகிறார். ஆகவே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். முதல் பட்டம் வரையிலான சான்றிதழ்கள், பயிற்சிச் சான்றிதழ், முந்தைய நியமனக் கடிதங்கள், ஊழியர் சேமநிதி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை ஒரே கோப்பில் வைத்து, சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் நேரில் சென்று கொடுத்துவிட வேண்டும். மலாய்மொழித் தேர்ச்சியைக் காட்டும் எஸ்.பி.எம். சான்றிதழ் தொலைந்திருந்தால் தேர்வு வாரியத்திடம் உறுதிச் சான்று பெறும் வேலையை முதலில் தொடங்குங்கள். கோப்பைக் கொடுத்த கையோடு துணைத்தலைமையாசிரியரிடமும் சில வார்த்தை பேசிவிட்டு வருவது நலம். கால அட்டவணை போடுபவர் பெரும்பாலும் அவரே.

தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவு. 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. மொத்த மாணவர்கள் 30 பேரைவிடக் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பும் நடக்கக்கூடும். அத்தகைய பள்ளியில் ‘நான் தமிழ்மொழி மட்டும்தான் கற்பிப்பேன்’ என்று சொல்ல இடமில்லை. நன்னெறிக்கல்வி, உடற்கல்வி, இசைக்கல்வி என எது வந்தாலும் ஏற்கும் மனத்துடன் செல்லுங்கள். விளையாட்டுப் போட்டி நாளில் கோடு போடவும் தண்ணீர்ப் புட்டிகளை எண்ணி வைக்கவும் கூட நீங்கள்தான் நிற்பீர்கள்.

நீங்கள் இல்லாத காலத்தில் மாறியவை

பழைய நம்பிக்கையோடு நேராக வகுப்புக்குள் நுழைவோர் சிரமப்படும் இடம் இதுதான். தொடக்கப்பள்ளிக்கான தரச்சீர் கலைத்திட்டம் 2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கியது. அதன் சீராய்ந்த பதிப்பு 2017இல் வந்தது. 2027இல் புதிய கலைத்திட்டம் முதலாம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வரவிருக்கிறது. எனவே இப்போது திரும்புபவர், பக்கத்து வகுப்பு ஆசிரியரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் திரும்புகிறார். இதை ஒரு நல்வாய்ப்பாகவே நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய மாற்றம் மதிப்பீட்டில் நிகழ்ந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டன, ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் முடிவுக்கு வந்தது. இன்று ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் கற்றல் தரத்தை ஒட்டிக் கவனித்து, 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளில் ஒன்றைப் பதிவு செய்கிறார். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கல்வித்தவணை இறுதித் தேர்வு 2022இல் அறிமுகமானது. இந்த முறையில் மனம் பழகுவதற்கு, எதைக் கற்பித்து எப்படி மதிப்பிடுவது என்பதைக் கூறும் தர ஆவணத்தை எடுத்து ஒரே ஒரு பாடத்தின் ஓர் அலகை மட்டும் முழுமையாக வாசியுங்கள். மூன்றாம் அடைவுநிலைக்கும் நான்காம் அடைவுநிலைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்ப்பது, முழு ஆவணத்தையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிடப் பயன் தரும். பிறகு வீட்டிலுள்ள உங்கள் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, அவனோ அவளோ எந்த நிலையில் இருக்கிறார் என்று ஓர் ஆசிரியையாகத் தீர்மானித்துப் பாருங்கள். தாயாக இருந்து தீர்மானிப்பதிலிருந்து அது எவ்வளவு வேறுபடுகிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கி, பின்னர் கைவிடப்பட்டது. அக்காலத்தில் கற்பித்துவிட்டு விலகியவர்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. பின்னம், தசமம், கொள்ளளவு, பரப்பளவு போன்ற தமிழ்க் கலைச்சொற்கள் நாவில் வந்துவிழ வேண்டும்; கரும்பலகைக்கு முன் நின்று சொல்லைத் தேடினால் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். இருமொழித் திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் அப்பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால், செல்லும் பள்ளி எதைப் பின்பற்றுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கணினி பற்றிய அச்சம் பலரிடம் உண்டு. என் பார்வையில் அது தேவைக்கு மிஞ்சிய அச்சம். நாள் பாடத்திட்டத்தைத் தட்டச்சு செய்யவும், கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் நுழைந்து கூகள் வகுப்பறையில் ஒரு பயிற்சியைப் பதிவேற்றவும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். தமிழ்த் தட்டச்சை மட்டும் பணி கிடைக்கும் முன்னரே வீட்டில் பழகுங்கள்.

வீடும் பள்ளியும் ஒரே ஊரில் இருக்கும்போது

முன்பு தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்தது. பெற்றோர் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளையை அங்கு விட்டுச் செல்வார்கள். இன்று நகரத்து வீட்டுக் குடியிருப்பில் அந்த ஏற்பாடு இல்லை. பள்ளி முடிந்த பின் நடக்கும் புறப்பாட நடவடிக்கைகளும் கூட்டங்களும் எந்த நாளில் வரும் என்பதை முதலிலேயே கேட்டு, அந்த நாள்களுக்கு மட்டுமாவது மாமியாரிடமோ அக்காவிடமோ உறுதியாகப் பேசிவைத்தால் போதும். நாள்தோறுமான ஏற்பாடு தானாகவே அமைந்துவிடும்.

உங்கள் பிள்ளை அதே பள்ளியில் படித்தால், அவனுடைய வகுப்பை உங்களுக்கு ஒதுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சிறிய பள்ளியில் அது இயலாமற்போனால், பள்ளி வளாகத்துக்குள் அவனும் மற்றவர்களைப் போல ‘டீச்சர்’ என்றே அழைக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வாரத்தில் அவன் ‘அம்மா’ என்று அழைத்து வகுப்பே சிரிக்கும். நீங்களும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். இதைவிடக் கடினமானது பெற்றோர்களுடனான உறவு. நேற்று வரை கோயில் திருவிழாவில் பக்கத்தில் அமர்ந்து பேசிய அக்கா, இன்று தம் மகனின் அடைவுநிலையைப் பற்றிச் சந்தைக் கடையில் நின்று கேட்பார். ‘பள்ளிக்கு வாங்கக்கா, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம்’ என்று மரியாதையாகச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எந்த மாணவரின் பெயரையும் குறிப்பிட்டு எழுத வேண்டாம்.

முதல் வாரங்களில் தொண்டை கட்டுவதும் மாலையில் கால் கடுப்பதும் எல்லாருக்கும் உண்டு. குரலை உயர்த்துவதற்குப் பதிலாக, கைதட்டலோ பாடலோ கொண்டு வகுப்பை அமைதிப்படுத்தும் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதையே விடாமல் பின்பற்றுங்கள். விடுப்பிலிருக்கும் ஆசிரியையின் விதிகளை மாற்ற முயல வேண்டாம். அவர் திரும்பி வரும்போது பிள்ளைகள் குழம்பாமல் இருப்பதே அவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி.

பணிக்காலம் முடிவதற்குச் சில நாள்கள் முன்னதாக, நீங்கள் கற்பித்த பாடங்கள், வகுப்புகள், தொடங்கிய நாள், முடிந்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிடும் சேவைச் சான்றுக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பதிவு செய்த அடைவுநிலைகளையும் முடித்த அலகுகளையும் ஒரு பக்கத்தில் எழுதித் திரும்பி வரும் ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த பிள்ளைப்பேற்று விடுப்பு எந்தப் பள்ளியில் வரவிருக்கிறது என்பதை ஆசிரியர் அறையிலேயே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.