கரண்ட் பில் கையைக் கடிக்கிறதா? மொட்டை மாடி சோலாருக்கு மானியம் வாங்குவது இப்படித்தான்

கோடை பில் வந்த அன்று ஏசியை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீடுகள் எத்தனையோ. சொந்த மொட்டை மாடி இருந்தால் நீங்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒரு கோடி வீடுகள் இலக்கு, 2026-27 நிதியாண்டு வரை அறிவித்திருக்கிறார்கள். மானியம், பேனல்களின் மொத்தத் திறனில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் மானியம் அதே 78,000தான்.

சோலார் கம்பெனிக்குப் போன் போடும் முன் பழைய பில்லை எடுத்து, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியும் இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தது, யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து முடிக்கும் வரை சோலார் வேலை ஓர் அடி நகரவில்லை. அதனால் பில், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அளவு. 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பில் 500 யூனிட்டைச் சுற்றியே வருகிறதென்றால் 2 கிலோவாட் போதும், மூன்றோ ஐந்தோ போடச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் அசையாதீர்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளையும் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலே அதோடு சேர்ந்த மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கலாம்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில்தான். இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, மின்வாரியம் அனுமதித்ததும், அங்கே பதிவு பெற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் கொட்டேஷன் வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம், மானியம் கிடைக்காது. பேனல் மட்டுமில்லை, அதற்குள் வெயிலைக் கரண்டாக மாற்றுகிற சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி, அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். கையில் முழுப் பணம் இல்லையென்றால் 3 கிலோவாட் வரைக்கும் பிணையில்லாத கடன் அரசு வங்கிகளில் உண்டு.

பேனல் மாட்டியதோடு முழுப் பணத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நெட் மீட்டர், அதாவது நீங்கள் எடுக்கிற கரண்டையும் வெளியே கொடுக்கிற கரண்டையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் வந்து பார்த்துச் சான்று தரும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். அந்தச் சான்று திட்டத்தின் இணையதளத்தில் ஏறிய பிறகு வங்கி விவரம் கொடுத்தால்தான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும், ஆக முதலில் முழுச் செலவும் உங்களுடையது.

ஒன்றை முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். சோலார் கரண்ட் லைனுக்குள் போய், அங்கே வேலை செய்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி.

புது மீட்டரில் நீங்கள் எடுத்த யூனிட், வெளியே கொடுத்த யூனிட் இரண்டும் மாறி மாறி வரும். ரீடிங் எடுக்கிற அன்று இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்து, முதல் பில்லோடு ஒத்துப் பாருங்கள். கொடுத்த யூனிட் கழியவில்லையென்றால் அந்தப் படத்தோடு உடனே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.