மலிவு விலை மிரர்லெஸ்ஸில் வீடியோ: பணமும் ஃபுட்டேஜும் வீணாகும் இடங்கள்

கேமரா பெட்டியின் மேல் '4கே' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எந்த நிபந்தனையோடு 4கே என்பதைப் பெட்டியில் போடமாட்டார்கள். விலை குறைந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) எதுவானாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் அந்த விலைக்கு வருகிறது. விட்டது எது, அது நம் வேலைக்கு வேண்டியதா என்று பார்க்காமல் வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இந்தக் கேமராக்களை வாங்குகிறவர்களின் வேலை பெரும்பாலும் நான்கு வகைதான்: கடைச் சரக்கை ரீல்ஸ் எடுப்பது, கல்யாணமும் சீரும் எடுப்பது, நோம்பியும் (கோயில் திருவிழா) வள்ளி கும்மியும் எடுப்பது, தோட்டத்தில் நின்று விவசாயம் பேசுவது. நான்குக்கும் ஒரே கேமரா சரிப்படாது.

முதலில் 4கே. செகண்ட் ஹேண்டில் இன்றும் சல்லிசாகக் கிடைக்கும் கேனான் எம்50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4கே உண்டு. ஆனால் அதைத் தட்டியதும் படம் நடுவில் மேலும் வெட்டப்படும்; கூடவே வந்த லென்ஸின் 15 மிமீ முனை, ஃபுல் ஃப்ரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) சுமார் 38 மிமீ காட்டும் அளவுக்குக் குறுகிவிடும். கையை நீட்டித் தன்னையே எடுப்பவருக்கு முகம் மட்டும்தான் மிஞ்சும். அதைவிட மோசம், அந்தக் கேமராவின் பெருமையான டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் 4கேயில் வேலை செய்யாது. ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். 1080-இல் (ஃபுல் எச்டி) எடுத்தால் நல்ல கேமராதான். 2023-இல் வந்த கேனான் ஆர்100-க்கும் 4கேயில் இதே இரண்டு குறைகள் உண்டு. திரையும் திரும்பாது, தொட்டால் வேலையும் செய்யாது. அதே ஆண்டு, அதே கம்பெனியின் ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் 6கேயாகப் படித்து 4கேயாகச் சுருக்கித் தருகிறது.  வீடியோவுக்கு ஆர்100-ஐ யாருக்கும் சொல்ல மாட்டோம்.

சோனி இசட்வி-ஈ10 நொடிக்கு 25 ஃப்ரேமில் முழு அகலம் தரும், 30 வைத்தால் 1.23 மடங்கு வெட்டும். நிக்கான் இசட்30 முப்பதிலும் வெட்டாது. ஆனால் ஆர்50, இசட்30 இரண்டிலும் ஹெட்ஃபோன் துளை இல்லை. பேட்டி எடுக்கிறவர் ரெக்கார்டாகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எடுக்க முடியாது. சோனியில் அது உண்டு, ஆனால் அதன் ரோலிங் ஷட்டர் (சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வரும் வளைவு) மோசம். சோமனூர்த் தறியில் ஓடும் நாடாவை எடுத்தால் வளையும். ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்தால் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து போகும். அசைவு அதிகமுள்ள காட்சியை அதில் 1080-இல் எடுப்பது நல்லது.

'ஃபுல் ஃப்ரேம் இந்த விலைக்கா!' என்று பழைய சோனி ஏ7 இரண்டாம் மாடலில் விழுகிறவர்களும் உண்டு. அதில் 4கே கிடையாது. ஏ6000-இல் மைக் துளையே கிடையாது. இரண்டும் போட்டோவுக்கு வந்த கேமராக்கள்.

நடுங்காமல் எடுப்பதிலும் இதே கதை. மேலே சொன்ன மிரர்லெஸ்களில் ஏ7 தவிர எதிலும் பாடிக்குள் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை. இசட்வி-ஈ10-இன் 'ஆக்டிவ்' மோடு படத்தை 1.44 மடங்கு வெட்டித்தான் நடுக்கத்தை மறைக்கிறது. கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 16 மிமீ ஏற்கெனவே ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரால் 24 மிமீ ஆகிவிட்டது. ஆக்டிவ் போட்டால் 35 மிமீ. நடந்துகொண்டே பேசி எடுப்பவர் 10 அல்லது 11 மிமீ லென்ஸுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் தொகையில் 60 சதவீதத்துக்கு மேல் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் போகக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மிச்சம் மைக்குக்கும் பேட்டரிக்கும் ஃபில்டருக்கும் ட்ரைபாடுக்கும் வேண்டும்.

மண்டபத்தில் படம் ஏன் துடிக்கிறது

யூடியூபில் ஆங்கிலத்தில் பாடம் எடுப்பவர்களில் பலர் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் 30 ஃப்ரேம், 1/60 ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம், நொடியில்) என்பது அவர்கள் ஊருக்குச் சரி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/50 ஷட்டர் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு ஒளிர்வு கிடைக்கும், 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றரைச் சொச்சம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறி, சுவரில் பட்டை பட்டையாக ஓடும். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

ஆகவே கேமரா கைக்கு வந்ததும் மெனுவில் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) என்று இருந்தால் பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) முறைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் 25, 50, 100 ஃப்ரேம்கள் காட்டும். மாற்றும்போது கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லலாம், அதில் உள்ளதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு மேனுவல் மோடு, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. மண்டபத்தில் இந்த ஷட்டரை அசைக்கவே கூடாது. வெளிச்சம் கூடினால் குறைந்தால் ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) மட்டும் மாற்றுங்கள். ஸ்லோ மோஷனுக்கு 100 ஃப்ரேம் வைத்தால் வழக்கமான 1/200 இந்த விளக்குகளில் துடிக்கும், 1/100-க்கு இறக்குங்கள்.

எல்இடி வால், டிம்மர் போட்ட மேடை விளக்கு, சீரியல் செட் ஆகியவை பெரும்பாலும் கரண்டின் தாளத்தில் துடிப்பதில்லை. அவற்றுக்கு இந்தக் கணக்கு எல்லா நேரமும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. எல்இடி வாலை ஃபோகஸுக்கு வெளியே தள்ளி, கொஞ்சம் சாய்வான கோணத்தில் நின்று எடுத்தால் கோடுகள் குறையும். ரிசப்ஷன் மேடையில் லேசர் சுற்றினால் லென்ஸை அதற்கு நேரே திருப்பாதீர்கள். நேராகப் பட்ட லேசர் சென்சாரில் அழியாத கோட்டையோ புள்ளியையோ போட்டுவிடும். சென்சார் மாற்றும் செலவு ஏறத்தாழ இன்னொரு கேமரா.

வெள்ளை பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் தாலி கட்டும் கை மஞ்சளாகி, பிறகு நீலமாகும். வெயிலுக்கு 5600, பழைய மஞ்சள் பல்புக்கு 3200 கெல்வின் என்று பூட்டிவிடுங்கள். கலப்பு வெளிச்சத்தில் முகத்தின் மேல் எது விழுகிறதோ அதற்கு வையுங்கள்.

உச்சிவெயிலில் 1/50 எப்படி

தோட்டத்தில் பகல் 12 மணி, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50. கணக்குப்படி அப்பர்ச்சர் எஃப்/22 வேண்டும். அவ்வளவு சுருக்கினால் படம் மொத்தமாக மழுங்கும், சென்சார் தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். அதைத் தவிர்க்க ஷட்டரை 1/1000-க்கு ஏற்றுகிறார்கள். நடப்பவர் வெட்டி வெட்டி நகர்வார். எஃப்/2.8-இல் எடுக்க 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது என்டி64 ஃபில்டர். 'என்டி8 போதும்' என்று கடையில் கொடுப்பார்கள். அது 3 ஸ்டாப்தான், எஃப்/8 வரைக்கும்தான் வரும்.

சுழற்றும் வேரியபிள் என்டி வசதிதான். ஆனால் மலிவானதை முழுவதும் திருப்பினால் படத்தின் குறுக்கே கறுப்பாக எக்ஸ் வடிவம் விழும், பச்சை மஞ்சளாகச் சாயும். லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் என்று வாங்கித் தள்ளாதீர்கள். கேனான் 18-45-க்கு 49 மிமீ, நிக்கான் 16-50-க்கு 46 மிமீ, சோனி 16-50-க்கு 40.5 மிமீ, சிக்மா 16 மிமீ எஃப்/1.4-க்கு 67 மிமீ. 67 மிமீ ஃபில்டர் நல்லதாக ஒன்று வாங்கி, மற்ற லென்ஸுகளுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொண்டால் போதும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு இன்னொரு வம்பு. ஓலை இடுக்கில் விழும் வெயில் திட்டுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியை எந்த மலிவுச் சென்சாரும் தாங்காது. பேசுகிறவரை முழு நிழலில் நிறுத்துங்கள். பின்னால் வெயில் வெளுத்தால் வெளுக்கட்டும். ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95-இல் வைத்து வெள்ளை வேட்டியைப் பாருங்கள், கோடு வந்தால் அப்பர்ச்சரைக் குறையுங்கள். 'முகத்துக்கு ஜீப்ரா 70' என்ற பரவலான அறிவுரை வெளிர் தோலுக்குச் சொன்னது. நம் மாநிறத்துக்கு 50-லிருந்து 60-க்குள் இருந்தாலே முகம் முகமாக இருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், லாக்கில் (பிறகு கலர் ஏற்றுவதற்காக வெளுத்த படமாகப் பதியும் முறை) எடுத்துப் பிறகு கலர் பார்த்துக்கொள்ளலாம் என்று எஸ்-லாக் போடுவது அடுத்த தவறு. இசட்வி-ஈ10 பதிவு செய்வது 8 பிட். லாக்கை விரித்துக் கலர் ஏற்றும்போது வானம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும், நிழலில் புள்ளி குமியும். 10 பிட் வேண்டுமென்றால் 2024-இல் வந்த அதன் இரண்டாம் மாடலுக்குப் போக வேண்டும்.

சத்தம்

படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். கேமராவின் தலையில் ஷாட்கன் மைக்கை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே பெரிய ஏமாற்றம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேச்சு 6 டெசிபல் இறங்கும். பல்லடத்துத் தறிக்கூடத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்குத் தறி மட்டும்தான் கேட்கும். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்திய சட்டை மைக்குக்குப் பேச்சு கேட்கும். வயர்லெஸ் செட்டோ, 3 மீட்டர் வயரோடு வரும் சாதாரண மைக்கோ, எதுவானாலும் வாய்க்கு அருகில் இருப்பதுதான் முக்கியம்.

வயரை மாட்டும் முன் பின்னைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் கேமராவுக்கு, மூன்று இருந்தால் மொபைலுக்கு. மொபைல் வயரைக் கேமராவில் செருகினால் சத்தம் வராமலோ, கரகரத்தோ போகலாம்.

அடுத்தது லெவல். கேமராவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மலிவானது, ஏற்றினால் 'உஸ்' என்று இரையும். வயர்லெஸ் ரிசீவரில் அளவைக் கூட்டி, கேமராவில் குறையுங்கள். சோனியில் 31 வரை உள்ள அளவில் 3 முதல் 5. பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் ஆட வேண்டும். தவிலும் பறையும் அடிக்கப்போகிற இடத்தில் இன்னும் இறக்குங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியைச் சுத்தமாக மீட்க வழியில்லை. சில ரிசீவர்களில் 6 டெசிபல் குறைவாக இன்னொரு சேனலில் காப்புப் பதிவு செய்யும் வசதி உண்டு, நோம்பிக்குப் போகும்போது அதைப் போட்டுவிடுங்கள்.

ஆடிக் காற்று தனி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் மைக்கோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் எதற்கும் உதவாது. முடி வைத்த விண்ட்ஷீல்டு மாட்டுங்கள், அல்லது மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பேசுகிறவரின் முதுகு காற்றைப் பார்க்கட்டும்.

சூடு, பேட்டரி, கார்டு

கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கறுப்பு பாடியை அதில் வைத்து 4கே ஓட்டினால் நடுவில் அணைந்துபோவது பழுது அல்ல. சோனியில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' என்பதை 'ஹை' ஆக்குங்கள், திரையை வெளியே விரித்து வைத்துச் சூடு போக இடம் விடுங்கள், குடை பிடியுங்கள்.

வள்ளி கும்மி அரங்கேற்றம் மணிக்கணக்கில் போகும். ஆர்50 ஒரு மணி நேரத்தில் பதிவைத் தானே நிறுத்தும், இசட்30 125 நிமிடம் தாங்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நீங்களே நிறுத்தித் தொடங்கினால் நடு ஆட்டத்தில் அறுபடாது. சோனியின் எஃப்டபிள்யூ50 பேட்டரி சிறியது, குறைந்தது மூன்று வேண்டும். நாள் முழுக்க ஓரிடத்தில் நின்று எடுப்பவருக்கு பவர் பேங்கோடு இணையும் டம்மி பேட்டரி இன்னும் நல்லது.

கார்டுக்கு மட்டும் அதிகம் செலவழிக்க வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 எம்பிதான்; வி30 முத்திரை நொடிக்கு 30 எம்பிக்கு உறுதி சொல்கிறது. 64 ஜிபியில் சுமார் 85 நிமிடம் ஏறும். வேகமான விலை உயர்ந்த கார்டு இந்தக் கேமராக்களில் வீண். ஆனால் போலிக் கார்டு எங்கும் இருக்கிறது: 128 என்று எழுதி உள்ளே 16 இருக்கும், நிரம்பிய பிறகு பதிவாவது போலக் காட்டி எதுவும் தங்காது. வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஷட்டர் கவுண்ட்டைக் கேட்டுப் பயனில்லை, வீடியோ ஓடிய நேரம் அதில் ஏறாது. உங்கள் கார்டு, உங்கள் மைக், ஹெட்ஃபோன் மூன்றையும் கொண்டு போங்கள். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துத் தூசியும் லேசர் புள்ளியும் பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ ஏற்றி எரிந்த பிக்சல் தேடுங்கள். மைக் பின்னைத் துளைக்குள் மெதுவாகத் திருப்பினால் கரகரக்கிறதா, மைக்ரோ எச்டிஎம்ஐ வயரை அசைத்தால் படம் போகிறதா என்று பாருங்கள். பிறகு 4கேயில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். விற்பவர் அதற்கு அவசரம் காட்டினால், பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் பாடிக்கு அடியில் உள்ளதையும் இன்னொரு முறை ஒத்துப் பாருங்கள்.