டர்போ போட்ட எல்எஸ் வண்டிக்கு டார்க் கன்வெர்ட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

டார்க் கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம். "3,000 ஸ்டால் ஒன்று வேண்டும்" என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால், பாதித் தவறு அங்கேயே நடந்துவிடும். ஸ்டால் என்பது கன்வெர்ட்டரை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய எண் அல்ல. வண்டி நகராதபடி பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் போய் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். டார்க் ஏறினால் இதுவும் ஏறும், ஏறத்தாழ டார்க்கின் வர்க்கமூலக் கணக்கில். 400 பவுண்டு-அடி டார்க்கில் 3,000-இல் நிற்கும் கன்வெர்ட்டர், 600-இல் கிட்டத்தட்ட 3,700 வரை போகும்.

6.0 லிட்டர் செவர்லே எல்எஸ் (ஜிஎம்மின் வி8 இன்ஜின் வரிசை), ஒற்றை டர்போ, 4எல்80இ (நான்கு வேக ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வருவதற்கு முன் டர்போ சுழன்று எழும் அளவுக்கு ஆர்பிஎம் ஏற வேண்டும். பூஸ்ட் வந்தபின் அதே கன்வெர்ட்டர் அளவுக்கு மீறி வழுக்கவும் (இன்ஜினின் சுழற்சியைவிட கியர்பாக்ஸ் பின்தங்கவும்) கூடாது. பெரிய டர்போவுக்குச் சற்று லூஸாகவும் (ஸ்டால் கூடுதலாக), சீக்கிரம் பூஸ்ட் தரும் சிறிய டர்போவுக்கு டைட்டாகவும் (ஸ்டால் குறைவாக) வேண்டும். இதைச் சரிக்கட்டுவது ஸ்டேட்டரும் (திரும்பிவரும் ஆயிலைத் திசைமாற்றும் நடுச் சக்கரம்) இம்பெல்லர் (இன்ஜினோடு சுழன்று ஆயிலைத் தள்ளும் சக்கரம்) இறக்கைகளின் கோணமும்தான். அதனால் தயாரிப்பாளரிடம் ஆர்பிஎம் வாரியான டார்க், ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை, பின் ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) விவரம், டர்போ அளவு எல்லாவற்றையும் கொடுங்கள். குதிரைத்திறனைக் கூட்டிச் சொன்னால், கைக்கு வருவது உங்கள் இன்ஜினுக்கு டைட்டாக இருக்கும்.

தெருவில் ஓடும் வண்டிக்கு லாக்கப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) கட்டாயம். 28 அங்குல டயர், 3.73 ஆக்சில், 0.75 ஓவர்டிரைவ் இருந்தால், லாக்கப் பிடித்த நிலையில் மணிக்கு 70 மைலில் இன்ஜின் சுமார் 2,350 ஆர்பிஎம்மில் ஓடும். லாக்கப் இல்லாவிட்டால் 3,500 ஸ்டால் கன்வெர்ட்டர் அந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே ஆயிலைச் சூடாக்கும். ஒற்றை கிளட்ச் லாக்கப்பை முழு ஆக்சிலேட்டரில் பிடிக்க விட்டால் லைனிங் கருகி, அந்தத் தூள் வால்வ் பாடி (கியர்பாக்ஸில் ஆயிலை வழிநடத்தும் பகுதி) வரை போகும். 700 குதிரைத்திறனுக்கு மேல் மூன்று டிஸ்க் லாக்கப்பே வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிப்பது வீண். ஆன்டி-பலூனிங் பிளேட்டும் (உப்பலைத் தடுக்கும் தகடு), பிரேஸ் செய்த (உலோகம் உருக்கி ஒட்டிய) இறக்கைகளும், பில்லெட் (திட உலோகத்தில் கடைந்த) முன்மூடியும் கேளுங்கள். அதிக ஆர்பிஎம்மில் உள்ளழுத்தத்தால் கன்வெர்ட்டர் உப்பினால், அது கிராங்கை (இன்ஜினின் சுழல்தண்டை) முன்னே தள்ளி, அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது முதலில் கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் (சுமார் 0.95 லிட்டர்) ஆயில் ஊற்றுங்கள். பிறகு சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டர்பைன் (கியர்பாக்ஸைச் சுழற்றும் சக்கரம்) ஸ்ப்ளைன் (பள்ளமிட்ட இணைப்பு), ஸ்டேட்டர் ஸ்ப்ளைன், கடைசியாகப் பம்ப் என்று ஒவ்வொன்றாக விழுவது கைக்கே தெரியும். பெல்ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் முன் உறையை) இன்ஜினோடு முழுதாக இறுக்கியபின் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (கிராங்கில் பூட்டிய மெல்லிய தகடு) கன்வெர்ட்டருக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கன்வெர்ட்டரின் ஹப் (பின்கழுத்து) பம்புக்குள் விழவில்லை என்று அர்த்தம். போல்ட்டை வைத்து இழுத்து மூடினால் பம்ப் கியர் உடையும். இடைவெளி கூடுதலாக இருந்தால் வாஷர் வைக்கலாம். பெரும்பாலான எல்எஸ் இன்ஜின்களின் கிராங்க் ஃபிளாஞ்ச் (ஃப்ளெக்ஸ்பிளேட் பூட்டும் முகம்) பழைய செவர்லே இன்ஜின்களைவிட 0.400 அங்குலம் உள்ளடங்கியது. தட்டை ஃப்ளெக்ஸ்பிளேட் போட்டால் அதற்கான ஸ்பேசரும் நீள போல்ட்டுகளும் தேவை. இல்லாவிட்டால் கன்வெர்ட்டரின் மூக்குக்குக் கிராங்கில் பிடிமானம் கிடைக்காது.

ஃபேன் வைத்த தனி ஆயில் கூலர் போட்டு, ஆயிலை 80–95 டிகிரி செல்சியஸில் வைத்திருங்கள்.

டிராக்கில் ஓட்டிய பிறகு வழுக்கலைக் கணக்கிடுங்கள். மைல் வேகத்தை 336-ஆல் பெருக்கி, ஆக்சில் ரேஷியோவாலும் பெருக்கி, அங்குலத்தில் டயர் உயரத்தால் வகுத்தால், லாக்கப் இல்லாத மூன்றாம் கியரில் வழுக்கலே இல்லாதபோது வர வேண்டிய ஆர்பிஎம் கிடைக்கும். மேலே சொன்ன டயர், ஆக்சிலில் 130 மைலுக்கு அது 5,819. டேக்கோமீட்டர் 6,300 காட்டினால் வழுக்கல் 7.6 சதவீதம், தெரு வண்டிக்கு நல்ல எண். 10-ஐத் தாண்டினால் லாக் ஃபைலோடு (ஓட்டத்தின் கணினிப் பதிவோடு) கன்வெர்ட்டரைத் தயாரிப்பாளருக்கே அனுப்பி, ஸ்டேட்டரை மாற்றி டைட் செய்யச் சொல்லுங்கள்.