தலையில் இடிபட்ட பையனை எப்போது திரும்பக் களத்தில் இறக்குவது?

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் தாளடி அறுப்பு முடிந்த கையோடு கபடி ஆரம்பித்துவிடும். விடிய விடிய ஆட்டம்; ஜெயிக்கிற அணி ஒரே ராத்திரியில் நாலு ஆட்டம்கூட ஆடும். தொடையைப் பிடிக்கப் பாய்கிறவன் நெற்றியில் பாடி வருகிறவனின் முழங்கால் மோதுவது சாதாரணம். முகத்தில் சோடாவைத் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எறங்கு" என்பார்கள். என்னையும் அப்படித்தான் இறக்கினார்கள். நேரே போய் எதிரணிப் பக்கம் நின்றேன். ஊரே சிரித்தது. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு இடி. அப்புறம் ஒரு மாதம் வெயிலைப் பார்த்தாலே தலை பிளந்தது.

இப்போது பையன்களைப் பழக்குகிறேன். இடிபட்டுக் குழம்பியவனுக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மயங்கி விழவில்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். இப்படி இடிபட்டு மூளை குலுங்கிக் குழம்புவதைத்தான் மூளை அதிர்ச்சி என்கிறார்கள்; பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை. நடை தடுமாறினாலோ, "போன ஆட்டம் யாரோட?" என்றதற்கு முழித்தாலோ உட்கார வைத்துவிடுங்கள்.

இடித்ததும் மூளைச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே புகும். அதைச் சரிக்கட்ட செல்லுக்கு நிறைய சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். ஆற்றில் முறை வைத்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விடும்போது வயல் முழுக்க நடவு போட்ட கதைதான். அந்த நிலையில் இன்னொரு இடி, லேசானதாக இருந்தாலும், தாங்காது. அபூர்வமாக, இளவயதுக்காரர்களுக்கு மூளை வீங்கி உயிரே போயிருக்கிறது. சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில், தினமும் அல்லது வாரம் ஒருமுறை இடிபட்டவை வழி கண்டுபிடிப்பதில் பின்தங்கின. மாதம் ஒருமுறை இடிபட்டவை தேறிவிட்டன. எலியின் மாதத்தை அப்படியே நம் மாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இடைவெளிக்கு மதிப்பு உண்டு என்பது புரிகிறதல்லவா?

முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருக்கட்டும், போனைக் குறைக்கட்டும். அதற்காக இருட்டறையில் படுக்கப் போடாதீர்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களும் முழு ஓய்வு வேண்டாம், மெல்ல நடமாடட்டும் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் வெண்ணாற்றங்கரை வரை நடை, மெது ஓட்டம், தனியாக ரெய்டுப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது வேண்டும். தலைவலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். மேலே விழுந்து பிடிக்கிற பயிற்சி, டாக்டர் சரி என்ற பிறகுதான். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் போல, பள்ளிப் பையன்களுக்கு நாலு வாரம் வரை ஆகலாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தூங்கி வழிவது, இதில் எது வந்தாலும் 108க்குப் போன் போடுங்கள்.

இடிபட்ட தேதியை நோட்டில் எழுதிவைப்பேன். ஃபைனல் ஆசையில் பையன்கள் "வலி இல்லண்ணே" என்று புளுகுவார்கள். அதனால் அம்மாக்களிடம் கேட்பேன்: ஒழுங்காகத் தூங்குகிறானா, எரிந்து விழுகிறானா, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறானா? போன மாசியில் ஒரு அம்மா, "நேத்து லைட்ட அணைச்சிட்டுத்தான் தம்பி சாப்பிட்டான்" என்றார். நோட்டில் அவன் பெயருக்கு நேரே இன்னொரு வாரம் கூட்டி எழுதினேன்.