இணையதளத்தில் அனிமேஷன்: ஒரு பட்டனிலிருந்து தொடங்குவோம்

பக்கத்தில் ஏதாவது அசைந்தால் கண் தானாக அங்கே போய்விடும். படித்துக்கொண்டிருக்கும் வரி விட்டுப்போகும். அதனால் எங்கே அசைவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நிரல் எழுத உட்கார வேண்டும். இங்கே பொருள் விற்கும் ஒரு சிறிய தளத்தின் ‘கூடையில் சேர்’ பட்டனை எடுத்துக்கொள்வோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை தெரிந்தால் போதும்.

1. அசைவுக்கு ஒரு வேலை கொடுங்கள்

பட்டனை அழுத்தியவருக்கு ஒரே சந்தேகம்தான்: பொருள் கூடையில் சேர்ந்ததா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லும் அசைவு இருந்தால் போதும். அழுத்தும்போது பட்டன் லேசாகச் சுருங்கட்டும். மேலே கூடையின் எண்ணிக்கை மாறும்போது அந்த எண் ஒருமுறை துள்ளட்டும். பின்னணியில் மிதக்கும் வட்டங்கள், எழுத்தெழுத்தாக வந்து விழும் தலைப்பு எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. விட்டுவிடுங்கள்.

2. டிரான்சிஷன் எழுதுங்கள்

பட்டனின் சாதாரண நிலைக்கான விதியில் டிரான்சிஷனைச் சேருங்கள்; ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று குதிக்காமல் படிப்படியாக மாறச் செய்வது அதுதான். மூன்று விவரம் தர வேண்டும்: மாற வேண்டியது டிரான்ஸ்ஃபார்ம் (அளவையும் இடத்தையும் மாற்றும் பண்பு), நேரம் 150 மில்லிசெகண்ட், வேகத்தின் போக்கு ஈஸ்-அவுட் (வேகமாகத் தொடங்கி மெதுவாக முடிவது). பிறகு ஆக்டிவ் நிலைக்கு, அதாவது பட்டன் அழுத்தப்பட்டிருக்கும் நிலைக்கு, தனி விதி எழுதி, அதில் டிரான்ஸ்ஃபார்மின் மதிப்பாக ஸ்கேல் 0.97 என்று கொடுங்கள். டிரான்சிஷனை ஆக்டிவ் விதிக்குள் மட்டும் வைத்தால் சுருங்கும்போது நிதானமாகச் சுருங்கும், விரலை எடுத்ததும் வெடுக்கென்று பழைய அளவுக்குக் குதிக்கும்.

ஹோவரை (மவுஸ் மேலே வரும்போது மாறும் நிலை) மட்டும் நம்பி எதையும் செய்ய வேண்டாம். கைப்பேசியில் விரலால் தொடுபவருக்கு அது ஒழுங்காக வேலை செய்யாது.

மெனு, பெட்டி போன்ற பெரியவற்றுக்கு 200 முதல் 300 மில்லிசெகண்ட் வரை போகலாம். அதற்கு மேல் போனால் காத்திருக்க வைப்பதுபோல் தோன்றும். உள்ளே வருவதற்கு ஈஸ்-அவுட், வெளியேறுவதற்கு ஈஸ்-இன் (மெதுவாகத் தொடங்கி வேகமெடுப்பது).

3. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி, இரண்டு மட்டும்

அசைவு திக்காமல் ஓட நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், வேண்டும். அதாவது ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். விட்த், ஹைட், டாப், லெஃப்ட் ஆகியவற்றை மாற்றினால் பிரவுசர் ஒவ்வொரு பிரேமிலும் பக்க அமைப்பை மறுபடி கணக்கிட்டு, மறுபடி வரைய வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்முக்கும் ஒபாசிட்டிக்கும் (எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்பது) அந்த வேலை பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே வரைந்த அடுக்கை நகர்த்தினால் அல்லது மங்கச் செய்தால் போதும்.

உங்கள் லேப்டாப்பில் எல்லாமே அழகாகத்தான் ஓடும். அப்புறம் குரோம் பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தை 4 மடங்கு குறைத்து ஓட்டிப் பாருங்கள். விலை குறைந்த போனில் என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

4. அசைவு வேண்டாம் என்பவர்களை மதியுங்கள்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். உள்காதின் சமநிலையில் கோளாறு உள்ளவர்களுக்குத் திரை அசைவே தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். 2013இல் ஐபோனுக்கான இயங்குதளம் ஐஓஎஸ் 7 வந்தபோது, அதன் பெரிதாகிச் சுருங்கும் திரைகளால் தலைசுற்றுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் வசதியை இயக்கினால் அந்தத் திரைகளும் அடங்கின.

பயனர் தன் கருவியின் அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க, சிஎஸ்எஸ்ஸில் ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்ற மீடியா குவெரி இருக்கிறது. முதலில் அசைவே இல்லாமல் எழுதுங்கள். பயனர் அப்படி எதுவும் கேட்காதபோது மட்டும், அதாவது நோ-ப்ரிஃபரன்ஸ் மதிப்புக்குள், அசைவைச் சேருங்கள். டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில் இரண்டு நிலைகளையும் மாற்றிச் சோதிக்கலாம்.

தானாக ஓடும் பேனரை வைத்தே ஆக வேண்டுமென்றால், 5 நொடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பட்டன் வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது எல்லோரும் பயன்படுத்தும்படி இணையதளம் அமைப்பதற்கான வழிகாட்டி. ஒரு நொடியில் மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்கவே வேண்டாம்; அது வலிப்பைத் தூண்டக்கூடும்.

5. ஸ்க்ரோல் செய்யும்போது தோன்றும் படங்கள்

ஒரு பகுதி திரைக்குள் வந்ததா என்று கவனித்துச் சொல்லும் பிரவுசர் வசதியான இன்டர்செக்ஷன் அப்சர்வர் போதும். படம் திரைக்குள் வந்ததும் ஒரு கிளாஸைச் சேர்த்துவிட்டுக் கண்காணிப்பை நிறுத்துங்கள். படத்தை மறைத்து வைக்கும் விதியை மட்டும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய பிறகு அமலாகும்படி எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் வந்து சேராத நாளில் உங்கள் பொருட்கள் யார் கண்ணிலும் படாது.