கொழும்பின் பழைய பெரிய ஹோட்டல்களில் தங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலியாண வீடு, விசா நேர்முகம், கனடாவில் இருந்து வரும் உறவினர் என்று கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டை விட்டு, ஒருமுறையாவது கடற்கரையோரப் பழைய ஹோட்டலில் தங்கிப் பார்க்க ஆசைப்படுவதுண்டு. 1864 இல் தொடங்கிய கோல்பேஸ் ஹோட்டலும், 1875 இல் துறைமுகத்தருகே திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டலும் அந்த ஆசைக்குத் தகுதியானவையே. ஆனால் புதிய ஹோட்டலுக்குப் பதிவு செய்வதுபோல இவற்றுக்கும் பதிவு செய்வதுதான் முதல் தவறு.

புதிய கட்டடத்தில் ஒரே விலை அறைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பழைய கட்டடமோ காலத்துக்குக் காலம் இடித்தும் கூட்டியும் திருத்தப்பட்டது என்பதால், ஒரு அறை உயர்ந்த கூரையோடு கடலைப் பார்த்திருக்க, அடுத்த அறை சமையலறையின் பின்புறத்தைப் பார்த்திருக்கலாம். படத்தை மட்டும் நம்பாமல், தொலைபேசியில் அழைத்து, அறை எந்தப் பகுதியில் உள்ளது, லிப்ட் அதுவரை போகுமா, அன்று இரவு கீழ் மண்டபத்தில் கலியாண விருந்து உண்டா என்று கேளுங்கள்.

முதியவர்களோடு போகிறவர்கள் குளியலறையைப் பற்றிக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்துப் பழகிய என் அம்மா, உயரமான குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்கப் பயந்து, வெளியே நின்றே தண்ணீரை வார்த்தார். அந்தத் தரையில் தண்ணீர் போக வழியே இல்லை. கதவுக்குக் கீழால் வழிந்த தண்ணீர் மரத்தளத்தில் பரவ, இருந்த துவாய்கள் அத்தனையையும் விரித்து, முழங்காலில் இருந்து ஒற்றி எடுத்தேன். தொட்டியில்லாத அறை வேண்டுமென்று முன்னரே கேட்டிருந்தால், அம்மா அன்று முழுவதும் கூனிக்குறுகி இருந்திருக்கமாட்டார்.

விலையிலும் கவனம் வேண்டும். வரிகள் சேராத விலை 30,000 ரூபாய் என்றால், 10 வீத சேவைக் கட்டணமும், அதன்மேல் 18 வீத வற் வரியும் சேர 38,940 ரூபாய் ஆகும். உள்நாட்டவருக்கான சலுகை விலைக்கு அடையாள அட்டை கேட்பார்கள்; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினரோடு ஒரே அறையில் தங்கினால் எந்த விலை என்பதைப் பதிவு செய்யும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இரவு பஸ் விடியமுன்னரே கொழும்பில் இறக்கிவிடும். அறையோ வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். பிள்ளைகளோடு வரவேற்பறையில் தூங்கி வழிவதைவிட, பகல் ரயிலில் போவது நல்லது.

அங்குள்ள பழைய ஊழியர்களிடம் பேசத் தயங்குவதும் ஒரு தவறே. கோல்பேஸ் ஹோட்டலில் 1942 இல் சேர்ந்த சட்டுக் குட்டன், 2014 இல் இறக்கும்வரை அதன் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்றவர். அப்படி நீண்டகாலம் வேலை செய்பவர்களுக்கு எந்த அறையில் காற்று வரும், எதில் சத்தம் கேட்கும் என்பது தெரியும். பெட்டியைத் திறக்குமுன் யன்னலைத் திறந்து, ஏசியைப் போட்டு, சுடுதண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் உடனே வேறு அறை கேளுங்கள். சீலைகளை அலுமாரியில் தொங்கவிட்ட பிறகு கேட்பது எல்லோருக்கும் கரைச்சல்.