இதய சி.டி. ஸ்கேன்: ஸ்கோரை அடைப்பு என்று படிக்காதீர்கள்

இதயத்துக்கு சி.டி. என்று எழுதிக் கொடுத்தால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோருக்கு ஊசி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் சுமார் 1 மில்லிசீவர்ட்தான். சி.டி. கொரோனரி ஆஞ்சியோகிராமில் அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்தி, இதய ரத்தக்குழாயின் உட்புறத்தையும் சுவரையும் படம் எடுக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு எது என்று பார்க்காமல் எடுப்பதுதான் முதல் தவறு.

தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்ற இழுபறி இருக்கும்போது கால்சியம் ஸ்கோர் நன்றாக உதவும். மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்பவருக்கு, செக்கப் பேக்கேஜில் இருக்கிறதே என்று ஸ்கோரை மட்டும் எடுத்து, பூஜ்ஜியம் வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போவது சரியல்ல. சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 130-ம் அதற்கு மேலும் அடர்த்தியுள்ள வெள்ளைப் புள்ளிகளைத்தான் இந்தக் கணக்கு சேர்க்கிறது. ஒவ்வொன்றின் பரப்பையும் அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரையிலான எண்ணால் பெருக்கிக் கூட்டினால் வருவது அகாட்ஸ்டன் ஸ்கோர். கால்சியம் ஏறாத மென்மையான பிளேக் (குழாய்ச் சுவரில் சேரும் கொழுப்புப் படிவு) இதில் வரவே வராது. இளவயதில் அந்த வகைக்கே வாய்ப்பு அதிகம். அதனால்தான் 2018 அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், புகைப்பவர், சர்க்கரை நோயாளி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர் ஆகியோருக்கு, ஸ்கோர் பூஜ்ஜியம் என்பதற்காக ஸ்டாட்டினைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலியும் வியர்வையும் என்றால் ஸ்கேன் சென்டருக்கே போகக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் உடனே இ.சி.ஜி.யும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

ஸ்கோர் 400 என்றதும் ‘எத்தனை சதவீதம் அடைப்பு?’ என்று கேட்கிறார்கள். ஸ்கோர் சொல்வது எல்லாக் குழாய்களிலும் சேர்ந்திருக்கும் கால்சியத்தின் அளவை. எங்கே, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அது சொல்லாது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கும் பைபாஸ் செய்தவருக்கும் இந்த ஸ்கோர் தேவையே இல்லை. ‘உங்கள் வயதுக்கு இத்தனையாவது சதமானம்’, அதாவது உங்கள் வயதினரில் எத்தனை சதவீதத்தினரைவிட உங்கள் ஸ்கோர் அதிகம், என்ற வரியையும் நிதானமாகப் படியுங்கள். பலர் பயன்படுத்தும், அமெரிக்காவின் மெசா ஆய்வை வைத்த கணக்கீட்டில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் ஆகியோரின் தரவுதான் உண்டு. தெற்காசியர் அதில் இல்லை.

கால்சியம் என்ற பெயரைப் பார்த்துப் பாலையும் எலும்புக்கான மாத்திரையையும் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். பாலை விட்டதால் குழாயில் படிந்தது கரையப்போவதில்லை. இன்னொரு வகையினர் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் ஸ்கோர் எடுக்கிறார்கள். ஸ்டாட்டின் மென்மையான பிளேக்கை இறுகச் செய்வதால் ஸ்கோர் கூடவும் கூடும். அதைக் கண்டு மாத்திரையை நிறுத்துவது தலைகீழான முடிவு. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். அளவைப் பாருங்கள், அது போதும்.

ஆஞ்சியோகிராமில் படம் கெடுவதற்கு முதல் காரணம் வேகமான துடிப்பு. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. 12 மணி நேரத்துக்கு முன்பே காபி, டீயை விடச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் ‘வெறும் வயிறு’ என்று தண்ணீரையும் காலை மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். துடிப்பைக் குறைக்கும் வழக்கமான பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தவறவிட்டால் துடிப்பு ஏறிவிடும். சென்டரிலேயே ஒரு மணி நேரம் முன்பு அதே வகையான மெட்டோப்ரோலால் 50 முதல் 100 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். குழாயை விரிக்க நாக்கடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். முந்தைய ஓரிரு நாளில் ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில், டடாலஃபில் போட்டிருந்தால் கூச்சப்பட்டு மறைக்கக் கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். கான்ட்ராஸ்ட் நொடிக்கு சுமார் 5 மில்லிலிட்டர் வேகத்தில் போவதால் புறங்கை மெல்லிய நரம்பு தாங்காது. வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசிதான் பொருத்தம். மூச்சை அடக்கும்போது முழுக்க இழுக்காமல் அளவாக இழுத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் நிறுத்த வேண்டும். அசைந்தால் வலது கொரோனரி குழாய்தான் முதலில் மங்கும், இல்லாத அடைப்பும் இருப்பதுபோல் தெரியும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை, சிறுநீரக வடிகட்டல் அளவு 30-க்குக் கீழே உள்ளவர்கள்தான் 48 மணி நேரம் நிறுத்த வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் வரும் பிழைகளே அதிகச் சேதம் செய்கின்றன. கெட்டியான கால்சியம், உண்மையில் உள்ளதைவிடப் படத்தில் பெரிதாகத் தெரியும். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான ஸ்டென்ட்டின் உள்ளே சரியாகத் தெரியாது. அந்த இடங்களில் எழுதியிருக்கும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டில் சுருக்கத்தைத் தரம் பிரிக்கும் காட்-ராட்ஸ் எண்ணில் 2 என்றால் 25 முதல் 49 சதவீதச் சுருக்கம். ‘மைல்டுதான்’ என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். ஆனால் மாரடைப்பு பல நேரம் இத்தகைய பிளேக் உடைவதால் வருவது. 4,146 பேரைக் கொண்ட ஸ்காட்லாந்தின் ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், சி.டி. எடுத்த குழுவில் ஐந்தாண்டில் இதய மரணமோ மாரடைப்போ வந்தவர்கள் 2.3 சதவீதம், எடுக்காத குழுவில் 3.9. ஐந்தாண்டின் முடிவில் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே. தடுப்பு மருந்துகள்தான் சி.டி. குழுவில் கூடியிருந்தன. எனவே சதவீதத்தோடு, பிளேக் அளவைக் குறிக்கும் பி1 முதல் பி4 வரையிலான குறியீட்டையும், ஆபத்தான பிளேக் என்ற குறிப்பு உண்டா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பக்கத்தில், வலி கட்டுக்குள் இருப்பவர் 70 சதவீதம் என்றதும் அன்றே ஸ்டென்ட்டுக்குப் படுக்க வேண்டியதில்லை. இடது பிரதான குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் கதை வேறு, அதற்கு நாள் கடத்தக் கூடாது.